சந்தின் அகலம்

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, அதற்குக் கால் ஆடும். இதில் உட்காருங்கள். வயலெட், ஐயா வந்திருக்கிறார்கள், டீ போடு. சீனி போடலாம்தானே? உங்களுக்கு முன்னால் இருந்த போதகர் ஐயாவுக்கு சீனி ஆகாது. அந்தப் பழக்கத்தில் கேட்டேன்.

நாளைக்குக் கிறிஸ்துமஸ் கேரல் கமிட்டி. அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லவில்லை, ஆனால் தெரியும். இந்தச் சேகரத்துக்கு வந்த ஆறு மாதத்தில் எல்லா வீட்டுக்கும் ஜெபத்துக்குப் போய்விட்டீர்கள். என் வீட்டுக்கு இன்றைக்குத்தான் வருகிறீர்கள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். கிங்ஸ்லியிடம் இந்த வருஷம் கேரல் ரூட்டைக் கொடுக்காதீர்கள், கூடப்பிறந்த அண்ணன் வீட்டையே மேப்பிலிருந்து அழித்தவன் அவன் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் அழிக்கவில்லை ஐயா. அழிப்பது வேறு, வடிகட்டுவது வேறு. போன வருஷம் கமிட்டியிலும் இதையேதான் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. நீங்கள் படித்தவர், பொறுமையாகக் கேட்பீர்கள்.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். பூமிக்கு அடியில் எந்தக் கேபிள் எந்தத் தெருவில் எப்படித் திரும்புகிறது என்று வரைவதுதான் வேலை. விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்க முடியவில்லை. அப்போதுதான் இந்த வரைபடத்தைப் பார்த்தேன். இணையத்தில் இருக்கிறது, உலகம் முழுவதற்கும். கம்பெனி வரைபடம் இல்லை, பொது வரைபடம். யார் வேண்டுமானாலும் அவரவர் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம். நம் நல்மேய்ப்பர் நகரைத் தேடினேன். ஒரு கோடுகூட இல்லை. வயல் என்று போட்டிருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து தெருத் தெருவாக நான்தான் போட்டேன். கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, உங்கள் பங்களாவின் பின்பக்கக் கேட் முதற்கொண்டு.

போட்டால் மட்டும் போதாது. எடுக்கவும் தெரிய வேண்டும். தென்னிந்தியா முழுவதும் ஒரே கோப்பாகக் கிடைக்கிறது, இலவசம். இறக்கினால் இந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அதைத் திறந்து பார்க்க முடியாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுத வேண்டும். இந்தக் கோப்பிலிருந்து, இந்த எல்லைக்குள், இன்ன வகைத் தெருக்களை மட்டும் எடுத்து வை என்று. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. எழுதிவிட்டுத் தட்ட வேண்டியதுதான். கொஞ்ச நேரம் யோசிக்கும். வேலை முடிந்துவிட்டால் ஒன்றும் சொல்லாது. முடியாவிட்டால்தான் பேசும். எனக்கு அந்தக் குணம் பிடித்துப்போயிற்று.

வயலெட்டுக்குப் பிடிக்கவில்லை. "டிவியில படம் போன மாதிரி கறுப்பா இருக்கு, அதப் பாத்து சிரிக்கிய. உங்களுக்கு என்னமும் ஆயிட்டா?" என்பாள்.

முதல் தடவை தப்புப் பண்ணினேன், ஒத்துக்கொள்கிறேன். எல்லையைக் கொடுக்கும்போது கிழக்கு மேற்குக் கணக்கை முதலில் எழுத வேண்டும், வடக்கு தெற்குக் கணக்கை அப்புறம் எழுத வேண்டும். நான் மாற்றி எழுதிவிட்டேன். கோப்பு காலியாக வந்தது. அந்த எண்களை உலகப் படத்தில் வைத்துப் பார்த்தால் வட துருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடல். நம் சேகரம் அங்கே இருந்தது. ஒரு குடும்பம் கிடையாது, ஒரு காணிக்கைப் பெட்டி கிடையாது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன்.

சரியாக எழுதியதும் எல்லாம் வந்தது. வடக்கே கால்வாய், தெற்கே ரயில் பாதை, நடுவில் நம் தெருக்கள், நரம்பு நரம்பாக.

கேரல் ரவுண்ட்ஸ் எப்படி நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மினி லாரியில் நட்சத்திரம், ஜெனரேட்டர், கீபோர்டு, தாத்தா வேஷம் போட்ட பையன். பின்னால் ஐம்பது பேர். எந்தத் தெரு முதலில் என்று யார் சத்தமாகக் கத்துகிறார்களோ அவர்கள் தெரு முதலில். ஒரே தெருவுக்குள் லாரி மூன்று தடவை போகும். ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போய்ப் பாடியிருக்கிறோம், இரண்டாவது தடவையும் அவர்கள் முறுக்குக் கொடுத்தார்கள். நான்தான் கமிட்டியில் எழுந்து, இரண்டு அணியாகப் பிரியலாம், ஒவ்வொரு அணிக்கும் ஒரு ரூட் போட்டுத் தருகிறேன் என்றேன். கை தட்டினார்கள் ஐயா. போன வருஷம் நவம்பரில் கை தட்டினார்கள்.

கட்டளையை எழுதினேன். நடக்கிற தெரு, வண்டி போகிற தெரு, எல்லாம் எடு. தனியார் பாதையை மட்டும் விட்டுவிடு. ஏன்? ஐம்பது பேரும் லாரியுமாக அடுத்தவர் சொந்தப் பாதைக்குள் போகலாமா? நாளைக்கு ஒருவன் கேஸ் போட்டால் சேகரம் பதில் சொல்லுமா? சபையின் நன்மைக்காகத்தான் அந்த வார்த்தையைச் சேர்த்தேன்.

அதில் ஒரே ஒரு சந்து விடுபட்டுப்போயிற்று. அதோ, இந்த ஜன்னலுக்கு வெளியே இருக்கிறதே, அந்தச் சந்து. அது முடிகிற இடத்தில் அண்ணன் வீடு.

அண்ணன் பெயர் ஆசீர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் முட்டை போடுவார், என் அண்ணன் என்று சொல்லவில்லை, அப்படி ஒரு வாத்தியார். நம் கொயரில் பேஸ், அந்த அடிக்குரல், அவர்தான். இப்போது நீங்கள் கேட்கிற கொயரில் பேஸ் கிடையாது. கவனித்திருப்பீர்கள், தரை போடாத வீடு மாதிரி இருக்கும்.

அப்பா மனையைப் பிரித்தபோது முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அண்ணனுக்கு. அவர் போய் வருவதற்கு என் சுவருக்கும் எதிரே இருக்கிற அச்சக மதிலுக்கும் நடுவில் இந்தச் சந்து. போய் வர என்றுதான் அப்பா சொன்னார். ரிட்டயர் ஆனதும் அவர் ஒரு பழைய கார் வாங்கினார், வெள்ளை. வாங்கிய அன்றைக்கே என் துவைகல்லில் இடித்தார். என் சுவரை ஒட்டி ஒரு துணி துவைக்கிற கல், வீடு கட்டின காலத்தில் போட்டது. காரின் பக்கம் முழுவதும் கோடு. "கல்லு சந்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குல, எடு" என்றார். "கல்லு நிக்கிற இடத்துலதான் நிக்கி. நீங்கதான் நகர்ந்து வந்து இடிச்சிய" என்றேன். அவர் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினார். நான் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம்தான் வரைபடத்தில் நம் தெருக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சந்தையும் சேர்த்தேன். தனியார் பாதை என்று குறித்தேன். உண்மையைத்தானே குறித்தேன்? கமிட்டியில் இதைக் குடைந்தார்கள்.

"அத தனியார்னு போட்டது யாரு?"

"பயனர்."

"எந்தப் பயனர்?"

"நான்தான். ஆனால் பயனராக."

அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் கேரலுக்காகப் போடவில்லை ஐயா. கேரல் யோசனை வந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான். கட்டளைக்கு அண்ணன் தெரியாது, தம்பி தெரியாது. வார்த்தை பொருந்தினால் விடும், பொருந்தாவிட்டால் எடுக்கும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் வீடுதான் எப்போதும் கடைசி வீடு. கேரல் அங்கே போய் முடியும், எல்லாருக்கும் சாப்பாடு. போன வருஷம் மதினிக்கு மூட்டு ஆபரேஷன். செப்டம்பரிலிருந்து கோயிலுக்கு வரவில்லை. கேரலாவது வீட்டுக்கு வரும், உட்கார்ந்து கேட்கலாம் என்று இருந்திருக்கிறார்கள். அண்ணனும் எங்களோடு பாட வராமல் மதினியோடு வீட்டில் இருந்துவிட்டார். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மட்டன் பிரியாணி, வாசலில் மதினிக்கு ஒரு கட்டில். நாங்கள் இரண்டு அணியும் முடித்துவிட்டுக் கோயிலில் கூடினோம். முதல் அணி, வாத்தியார் வீட்டுக்கு இரண்டாவது அணி போயிருக்கும் என்று நினைத்தது. இரண்டாவது அணி முதல் அணி போயிருக்கும் என்று நினைத்தது. ஜெபம் பண்ணிக் கலைந்துவிட்டோம்.

நீங்கள் எந்த அணி என்று கேட்கிறீர்களா? நான் அணியில் இல்லை. நான் ஒருங்கிணைப்பாளர். கோயில் வாசலில் போனோடு நின்றேன்.

வயலெட்தான் மறுநாள் சொன்னாள். மதினி சேலை மாற்றித் தலைசீவிக் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்களாம். லாரிச் சத்தம் முன்தெருவில் வந்து, திரும்பிப் போனதைக் கேட்டார்களாம். பிரியாணியை அச்சகத்து ஆட்களுக்குக் கொடுத்தார்களாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோயில் வாசலில் நின்று, முன்னால் இருந்த ஐயாவிடம், "என் வீடு இந்தச் சேகரத்துல இல்லையாம். மேப்பு போட்டுக் காட்டிட்டாவ" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். இன்னும் வரவில்லை.

அந்த ஐயா என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன், படத்தோடு, கட்டளையோடு. கடைசியில், மேற்கண்ட வரைபடம் யாரும் திருத்தக்கூடியது, குறை இருப்பின் உரியவர் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு நியாயத்துக்காகச் சேர்த்தேன். அந்தக் காகிதத்தை அவர் அண்ணனிடம் காட்டிவிட்டார்.

ஜனவரியில் ஒருநாள் பார்க்கிறேன், சந்து பொதுப் பாதையாகிவிட்டது. பெயரும் வைத்திருக்கிறது. ஞானமுத்து சந்து. எங்கள் அப்பா பெயர். திருத்தியவர் பெயர் பேஸ்_பாளை.

கணக்கு வாத்தியார்! அறுபத்தாறு வயதில் உட்கார்ந்து கற்றிருக்கிறார். நான் உடனே மறுபடி தனியார் என்று மாற்றினேன். பெயரை விட்டுவிட்டேன். அப்பா பெயரை எப்படி அழிப்பது? மறுநாள் அவர் மாற்றினார். நான் மாற்றினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே குறிப்பு எழுத இடம் உண்டு. 'அப்பா காலத்திலிருந்து இது நடந்து போகும் பாதை' என்று எழுதினேன். 'அப்பா காலத்தில் இதில் மாட்டுவண்டியில் நெல் வந்தது. மாட்டுவண்டி நடந்தா வந்தது?' என்று அவர் எழுதினார்.

அப்போது ஒரு ஜெர்மன்காரர் உள்ளே வந்தார். ஹெல்முட் என்று பெயர். உலகத்தில் எந்த மூலையில் இரண்டு பேர் மாற்றி மாற்றித் திருத்தினாலும் அவருக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. வேலையில்லாதவர் என்று நினைக்காதீர்கள், பல் டாக்டர். நாங்கள் எழுதுகிற தமிழை மெஷினில் போட்டு மாற்றிப் படித்துவிடுவார். மிக மரியாதையாக எழுதியிருந்தார். நண்பர்களே, இப்படி மாற்றி மாற்றித் திருத்த வேண்டாம், உங்கள் ஊரில் உள்ள வரைபடக் குழுவினர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், இந்த அப்பா என்பவரும் குழுவில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள் என்று.

ஊர்க் குழு. நான் தேடிப் பார்த்தேன் ஐயா. நம் பகுதியில் இதுவரை அந்த வரைபடத்தில் கை வைத்தவர்கள் மொத்தம் இரண்டே பேர்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று ஒரு ஜெர்மன்காரரிடம் எப்படிச் சொல்வது? மானம் இருக்கிறதல்லவா? 'குழு ஆலோசித்து வருகிறது' என்று எழுதினேன். அண்ணன் அதை மறுக்கவில்லை. 'ஆலோசனை தொடர்கிறது' என்று அவரும் எழுதினார்.

அதிலிருந்து, கடைசியாக அவர் போட்ட பொதுப் பாதையாகவே விட்டு, சந்தைத் தொடாமல் சுற்றியிருப்பதைத் தொட்டோம். அவர் என் துவைகல்லை ஒரு புள்ளியாக வைத்தார். வகை: தடை. பொருள்: கல். அப்படி ஒரு வகை இருக்கிறது, விதிப்படிதான் வைத்தார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் பங்குக்கு அவர் வாசலில் நாயைக் குறித்தேன், எச்சரிக்கை என்று. இரண்டு நாளில் எடுத்துவிட்டார். கீழே எழுதியிருந்தார்: 'டைகர் செத்து ஒரு வருஷம் ஆகிறது.'

எனக்குத் தெரியாது ஐயா. குரைக்கிற சத்தம் கேட்கவில்லைதான். அண்ணன் நன்றாகப் பழக்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

முருங்கை மரத்தைச் சேர்த்தார். நான் தண்ணீர்க் குழாயைச் சேர்த்தேன். சாக்கடை மூடி இரும்பு என்று போட்டேன், போட்டுவிட்டு, கூடவே மதினிக்கு மூட்டு எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன். வரைபடத்துக்குச் சம்பந்தமில்லாததுதான். குறிப்பில் இடம் மிச்சமிருந்தது. 'வாக்கர் இல்லாமல் நடக்கிறாள். மூடி இரும்பு அல்ல, சிமெண்ட்' என்று பதில் வந்தது. ஹெல்முட்டும் படித்துவிட்டு, மதினி விரைவில் முழுக் குணமடையட்டும் என்று எழுதினார். இந்த அளவுக்கு விவரமாக ஒரு சந்தைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றும் எழுதினார். அதை எடுத்து வைத்திருக்கிறேன், காட்டட்டுமா? அப்புறம் காட்டுகிறேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தை கிடையாது, அதில் நான் உறுதியாக இருந்தேன். காலையில் எழுந்ததும் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், பதில் திருத்தம் போடுவேன், அவ்வளவுதான்.

அக்டோபரில் அண்ணன் நின்றுவிட்டார். ஒரு திருத்தம் இல்லை, ஒரு குறிப்பு இல்லை. வேண்டுமென்றே அவர் முருங்கை மரத்தை வேப்ப மரம் என்று மாற்றி வைத்தேன். எப்பேர்ப்பட்ட தப்பு, சும்மா விடுவாரா? விட்டார். ஒரு வாரம் அப்படியே கிடந்தது. எனக்கே பொறுக்காமல் நானே மறுபடி முருங்கையாக்கினேன்.

"காலங்காத்தால அதுல என்னத்தத் தேடுதிய?" என்றாள் வயலெட்.

"திருத்தம் வந்திருக்கான்னு பாக்கேன்."

"சண்டையவா தேடுதிய? பக்கத்துலதான இருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"நான் எதுக்குப் போகணும்?"

வயலெட் போவாள். குழம்பு போகும், பாத்திரம் வரும். அது பெண்கள் விஷயம், நான் தலையிடுவதில்லை.

நல்லவேளையாக ஹெல்முட் எழுதினார். ஆலோசனை நெடுநாளாக நடக்கிறதே, யாராவது நேரில் போய் அளந்தீர்களா, அகலம் எவ்வளவு, தடை உண்மையிலேயே இருக்கிறதா என்று. அதுதான் அந்த வரைபடத்தின் சட்டம் ஐயா. யார் என்ன சொன்னாலும் கடைசியில் தரையில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும். சட்டம் என்று வந்த பிறகு நான் மறுக்க முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். உங்களுக்குப் புரிகிறதல்லவா, அண்ணனைப் பார்க்கப் போகவில்லை.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கறுப்புக் கண்ணாடி, காதுவரை மூடுகிற மாதிரி. கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் செய்து ஏதோ புண்ணாகி ஆற நாளாகிறதாம், இன்னொன்றில் ஏற்கெனவே புகை. வயலெட்டுக்கு எல்லாம் தெரியுமாம். நீங்கள் கேட்கவில்லையே என்கிறாள்.

"யாரு?" என்றார்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"சர்வே" என்றேன்.

"சர்வேக்கு ஒத்தையிலயா வந்திருக்கு? அந்த முனைய யாரு பிடிப்பா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவரே எழுந்து கையை நீட்டினார். முனையைக் கொடுத்தேன். மதிலைத் தடவிக்கொண்டே வந்தார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அவர் கேட் பக்கத்தில் அளந்தோம். "எவ்வளவு?" என்றார். "ஒன்பதடி." முருங்கை மரத்துக்கு நேரே அளந்தோம். "ஒன்பதடி." எண்ணைத் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கல்.

அளப்பதில் ஒரு முறை இருக்கிறது ஐயா. டேப் தொய்யக் கூடாது. சுவரிலிருந்து மதிலுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கல் இடுப்பளவு இருக்கும். டேப் கல்லுக்கு மேலே போனது. மேலே போனால் ஒன்பதடிதானே வரும்? கல்லின் விளிம்பிலிருந்து பிடித்தால் ஏழு வருவதே கஷ்டம், ஆனால் அது கல்லின் அளவு, சந்தின் அளவு ஆகாது.

"எவ்வளவுல?" என்றார்.

"ஒன்பது."

"கல்லு இருக்குற எடத்துலயா?"

"அங்கயும் ஒன்பதுதான்."

அவர் முனையை விடாமல் அப்படியே நின்றார். அந்தக் கண்ணாடிக்குள் என்ன நினைக்கிறார் என்று யாருக்குத் தெரியும். பிறகு, "அப்படின்னா நான் ஓட்டுனதுதான் சரியில்ல" என்றார். "போயி எழுதிக்கோ."

மதினி உள்ளேயிருந்து, "யாரது, கிங்ஸ்லியா? டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்கள். "சர்வேல இருக்கேன் மதினி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டேப்பைச் சுற்றக்கூட இல்லை, இழுத்துக்கொண்டே வந்தேன்.

நம்பிவிட்டார் ஐயா. வழி எழுதாத விடைக்கு முட்டை போடுகிற மனுஷன், என் வாயில் வந்த எண்ணை அப்படியே நம்பிவிட்டார். தினமும் அந்தக் கல்லைத் தாண்டிப் போய் வந்தவர்தான். கண் போனால் ஞாபகமும் போய்விடும் போலிருக்கிறது.

நான் எழுதுவதற்கு முன்னால் அவரே எழுதிவிட்டார். மதினி தட்டியிருக்க வேண்டும். வரைபடத்தில் கல்லைக் காணவில்லை. தடை நீக்கப்பட்டது. கீழே குறிப்பு: 'நேரில் அளந்தவர் என் தம்பி. அகலம் முழுவதும் ஒன்பதடி. கல் தடையாக இருப்பதாக நான் போட்டது தவறு.' ஹெல்முட் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னார். எல்லா ஊர்க் குழுக்களும் இப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். ஊரறிய, உலகறிய, எழுத்தில். வயலெட்டிடம் காட்டினேன். படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்றால், தப்பான தரவு. வேறொன்றுமில்லை. வரைபடத்தில் கல் இல்லை, தரையில் கல் இருக்கிறது. அதுவும் என் அளவு என்று என் பெயரோடு. அடுத்த வாரம் நான் கட்டளையைக் கொடுத்தால் சந்து முழுசாக வரும், லாரி போகலாம் என்று சொல்லும். லாரிக்காரன் நம்பி உள்ளே விட்டால் கல்லில் இடிப்பான். கணக்கு வாத்தியார் இடித்தது ஒரு குடும்ப விஷயம், சேகரத்து லாரி இடித்தால் என்ன பதில் சொல்வது?

இரண்டு வழி இருந்தது. கல்லை மறுபடி வரைபடத்தில் வைக்கலாம். வைத்தால் கீழே காரணம் எழுத வேண்டும், என் அண்ணன் போட்டதே சரி என்று. இல்லாவிட்டால் கல்லைத் தரையிலிருந்து எடுக்கலாம். எது எளிது என்று நீங்களே சொல்லுங்கள்.

முந்தாநாள் இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தேன், கடப்பாரையோடு. வயலெட் ஜன்னலில் நின்றுகொண்டு, "வாஷிங் மெஷின் வாங்கி எத்தன வருஷமாச்சு, இந்தக் கல்லுல காக்காதான் உக்காருது. ஆசீர் அத்தான் கார் வாங்குன அன்னைக்கே இதச் செஞ்சிருக்கலாம்" என்றாள். அன்றைக்கு அது தரவுப் பிரச்சினையாக இல்லை என்று சொன்னேன். விட்டுக்கொடுத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. இது திருத்தம். வரைபடத்தைத் தரைக்கு ஏற்பத் திருத்துவார்கள், நான் தரையை வரைபடத்துக்கு ஏற்பத் திருத்தினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணனுக்குச் சத்தம் கேட்டிருக்காது. அதிலும் எனக்கு அதிர்ஷ்டம் பாருங்கள். ஆட்கள் கடப்பாரையைப் போட்ட உடனே அவர் உள்ளே பாட ஆரம்பித்துவிட்டார், கேரல் பாட்டு, பேஸ் பகுதி மட்டும். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. சுவரெல்லாம் அதிர்கிற மாதிரி பாடினார். இவர்கள் நிறுத்தி மூச்சு வாங்கினால் அவரும் நிறுத்துவார், இவர்கள் தொடங்கினால் அவரும் தொடங்குவார். கல் பெயர்ந்து வெளியே போகும் வரைக்கும் பாடினார். இடி விழுந்தாலும் கேட்டிருக்காது.

டீயைக் குடியுங்கள் ஐயா, ஆறுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த வருஷமும் ரூட்டை என்னிடமே கொடுங்கள். கட்டளையைக் காலையிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டேன், தனியார் என்ற வார்த்தையே அதில் இல்லை. அணி இரண்டானாலும் கடைசியில் இரண்டும் ஞானமுத்து சந்தில் வந்து சேருகிற மாதிரி போட்டிருக்கிறேன். லாரி மதினியின் வாசல் வரைக்கும் போகும். ஒன்பதடி தாராளம்.

அடுத்தது அங்கேதானே போகிறீர்கள்? போங்கள். சந்து வழியாகவே போகலாம், பொதுப் பாதைதான். கல்லைப் பற்றி மட்டும் அவரிடம் பேச வேண்டாம். அடுத்த வாரம் பார்வைக் கண்ணாடி வந்துவிடும், அவர் வெளியே வந்து பார்க்கும்போது அங்கே ஒருநாளும் கல் இருந்ததில்லை என்பது மாதிரி இருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம்தான் சிமெண்ட் பூசினேன், இன்னும் காயவில்லை. மதில் ஓரமாக நடந்து போங்கள் ஐயா.